"அன்ஃபிட்" என்ற ஒரு சொல்லும் நாம் செய்த அநியாயமும்



கடன்பட்டு வளைகுடா மெடிக்கலுக்குப் போனான் நம் ஊர்ப் பிள்ளை ஒருவன். ரிப்போர்ட்டில் "அன்ஃபிட்" என்று வந்தது. காரணம், ஹெபடைடிஸ் சி. இரண்டே நாளில் ஊருக்கே தெரிந்துவிட்டது. பேசிவைத்த கல்யாணம் நின்றது. வலீமா வீட்டில் அவனோடு ஒரு ஸஹனில் உட்கார ஆள் இல்லை. நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்வோம். இது இரத்தத்தால் பரவும் வைரஸ். ஒரே ஸஹனில் சாப்பிடுவதாலோ, முஸாபஹா செய்வதாலோ, தோளோடு தோள் நின்று தொழுவதாலோ தொற்றாது. மெடிக்கலில் பார்ப்பது பெரும்பாலும் அதற்கான பிறபொருளெதிரியை. நோய் தானாக மாறியவருக்கும், மருந்தெடுத்துக் குணமானவருக்கும் அது இரத்தத்தில் இருக்கும். வைரஸ் இப்போதும் இருக்கிறதா என்று அறிய ஆர்.என்.ஏ. பரிசோதனை செய்ய வேண்டும். "அடுத்த டெஸ்ட் செய்தாயா மகன்?" என்று நம்மில் ஒருவரும் அவனிடம் கேட்கவில்லை.

"இது மாறாத வியாதி" என்ற பேச்சுக்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1989இல் இனங்காணப்பட்ட இந்த வைரஸ், பெருகும்போது ஏற்படும் பிழைகளைத் திருத்திக்கொள்ளாது. ஒரு பிள்ளையின் கொப்பியைப் பார்த்து அடுத்த பிள்ளை எழுத, அதைப் பார்த்து இன்னொன்று எழுத, கடைசிக் கொப்பி எப்படி இருக்கும்? அதே கதைதான். இன்று 8 மரபணு வகைகளும், அவற்றுள் சுமார் 90 உபவகைகளும் அறியப்பட்டுள்ளன. ஒரு வகைக்கும் மற்றதற்கும் மரபுக் குறியீட்டில் ஏறத்தாழ 30 சதவீத வித்தியாசம். அமெரிக்காவில் 1ஆம் வகை அதிகம், தெற்காசியாவில் 3ஆம் வகை, எகிப்தில் 4ஆம் வகை. தடுப்பூசி இன்னும் இல்லாததற்கும் இது ஒரு முக்கிய காரணம்.

அன்று வகை தெரியாமல் வைத்தியம் இல்லை. இன்டர்பெரோன் ஊசியும் ரிபாவிரினும் 2ஆம், 3ஆம் வகைகளுக்கு 24 வாரம், 1ஆம், 4ஆம் வகைகளுக்கு 48 வாரம். காய்ச்சல், சோர்வு, மனச்சோர்வு எல்லாம் பட்டும் பலருக்குக் குணமில்லை. 2013இல் சொபொஸ்புவிர் வந்தது. அமெரிக்காவில் ஒரு குளிசை 1000 டொலர்! 2016இல் அதோடு வெல்பட்டாஸ்விர் சேர்ந்த குளிசை வந்தது. நாளுக்கு ஒன்று, 12 வாரம். எந்த வகையானாலும் 95 சதவீதத்துக்கு மேல் குணம். பெரும்பாலானோருக்கு வகை பார்க்காமலே தொடங்கலாம்.

எகிப்தைப் பாருங்கள். 1950களிலிருந்து பில்ஹார்சியா நோய்க்கு ஊர் ஊராக ஊசி போட்டார்கள். சரியாகக் கிருமி நீக்காத ஊசிகளால் இந்த வைரஸ் பரவி, உலகிலேயே அதிகம் பாதிக்கப்பட்ட நாடுகளில் ஒன்றானது. அவர்கள் அதை மறைக்கவில்லை. 2018இல் தொடங்கிய இயக்கத்தில் கோடிக்கணக்கானோரைப் பரிசோதித்து இலவசமாக மருந்து கொடுத்தார்கள். 2023இல் உலக சுகாதார நிறுவனமே அந்த நாட்டைப் பாராட்டியது.

நல்ல நோக்கத்தோடு போட்ட ஊசிதான் அங்கே நோயைக் கொண்டுவந்தது. நம் ஊரிலும் ஹிஜாமாவும் சுன்னத்தும் நல்ல நோக்கத்தோடுதான் நடக்கின்றன. நிய்யத் நல்லது என்பதற்காக பிளேட் சுத்தமாகிவிடாது. ஒருவருக்குக் கீறிய பிளேட் இன்னொருவரின் தோலைத் தொடக்கூடாது. ஹஜ், உம்ராவில் முடி சிரைக்கும்போதும், ஊர் சலூனிலும் நம் கண்முன்னே புதிய பிளேட்டைப் பிரிக்கச் சொல்வோம். கேட்க வெட்கப்பட எதுவும் இல்லை. குணமானவருக்கும் மறுபடி தொற்றலாம் என்பதை மறக்க வேண்டாம்.

ஹிஜாமா முகாம் நடத்தும் பள்ளி நிர்வாகங்கள் பிளேட், கையுறை, கழிவு அகற்றல் பற்றி ஒரு நிபந்தனை போடட்டும். முன்பு இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், பொது பிளேட்டில் சிக்கியவர்கள் டொக்டரைக் கண்டு ஒரு தடவை பரிசோதித்துக்கொள்ளட்டும். பல வருடம் எந்த அறிகுறியும் காட்டாமல் ஈரலைச் சுருக்கிவிடும் நோய் இது.

எல்லா நோய்க்கும் மருந்து உண்டு என்று நம்புகிறவர்கள் நாம். இந்த நோய்க்கு மருந்து வந்தே விட்டது. நம்முடைய பேச்சுக்குத்தான் இன்னும் வைத்தியம் நடக்கவில்லை. அடுத்த வலீமாவில் அந்தப் பிள்ளையின் ஸஹனில் நாம் போய் உட்காருவோம், இன்ஷா அல்லாஹ்.