சேஃப்டி கார் வந்தால் போரடிக்குதா? குன்னூர் மலைப்பாதையைக் கேளுங்க!

நவம்பர் மழையில் மேட்டுப்பாளையம் - குன்னூர் மலைப்பாதையில் போனவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். பர்லியார் தாண்டி எங்கோ மரம் விழுந்திருக்கும், இல்லையென்றால் மண் சரிந்திருக்கும். ஜேசிபி வேலை செய்துகொண்டிருக்கும். மேலிருந்து கேரட் ஏற்றி வந்த லாரி, கீழிருந்து வந்த அரசுப் பேருந்து, வீக் எண்டுக்காகக் கிளம்பிய நண்பர்களின் வாடகைக் கார் என எல்லாம் வரிசையில் நிற்கும்.

அரை மணி நேரம் கழித்து போலீஸ்காரர் கையசைப்பார். உடனே என்ன நடக்கும்? இழந்த அரை மணி நேரத்தை அடுத்த இரண்டு கொண்டை ஊசி வளைவுகளிலேயே பிடித்துவிடணும்னு பாதிப் பேர் ஹாரனில் கை வைப்பார்கள். அந்த நிமிடத்தில் மண் சரிந்த இடத்தைவிட, அதற்கு அடுத்த வளைவுதான் ஆபத்தானது.

கார் பந்தயத்தில் சேஃப்டி கார் என்பதும் ஏறக்குறைய இதே கதைதான். நிறுத்துவது சுலபம். திரும்ப விடுவதில்தான் எல்லாச் சிக்கலும்.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமாரின் அணி 992 பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. அதன் பிறகு தமிழ்நாட்டில் எண்டூரன்ஸ் ரேஸிங் பார்ப்பவர்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. கூடவே ஒரு புலம்பலும் கூடியிருக்கிறது: "சேஃப்டி கார் வந்துட்டா செம போர் ப்ரோ!" அந்தப் புலம்பலில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதியில் ஆபத்து இருக்கிறது.

சேஃப்டி கார் என்ன செய்கிறது?

விபத்து நடந்ததும் ஒரு கார் பந்தயப் பாதைக்குள் வரும். முதலிடத்தில் இருப்பவருக்கு முன்னால் நின்று வேகத்தைக் குறைக்கும். மற்ற எல்லோரும் ஓவர்டேக் செய்யாமல் பின்னால் வரிசையாக வரணும். இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. கார்கள் எல்லாம் ஒரே கூட்டமாகப் போய்விடுவதால், அந்தக் கூட்டம் கடந்ததும் அடுத்த முறை வரும்வரை பாதை காலியாக இருக்கும். அந்த இடைவெளியில்தான் மார்ஷல்கள் உள்ளே இறங்கி வேலை செய்கிறார்கள்.

ஆனால், அதற்கு ஒரு விலையும் உண்டு. நாலு மணி நேரம் உயிரைக் கொடுத்து ஓட்டி ஒருவர் 90 விநாடி முன்னிலை பெற்றிருப்பார். சேஃப்டி கார் வந்ததும் அந்த 90 விநாடியும் காலி. பின்னால் இருந்தவர் இப்போது அவரது பம்பரை ஒட்டி நிற்பார்.

பிரான்ஸின் லெ மான்ஸில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே ஒரு சுற்று 13.626 கிலோமீட்டர். ஒரு சேஃப்டி கார் போதாது என்பதால் மூன்று இறங்கும். இரண்டே விநாடி வித்தியாசத்தில் போட்டி போட்ட இருவர், வெவ்வேறு சேஃப்டி கார்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், அந்த இடைவெளி ஒரு நிமிடத்துக்கு மேலாகிவிடும். ஓட்டுநர் செய்த தப்பு எதுவும் இல்லை, நேரம் சரியில்லை, அவ்வளவுதான். பல வருடப் புகார்களுக்குப் பிறகு 2023-ல் விதி மாறியது. இப்போது மூன்று வரிசைகளையும் ஒன்றாக்கிய பிறகுதான் பந்தயம் தொடரும்.

முதல் நாளே சொதப்பல்

சேஃப்டி கார் தவறுகள் புதிதல்ல. ஃபார்முலா 1-ல் அது முதன்முதலில் இறங்கிய நாளே சொதப்பல்தான். 1973 கனடா கிராண்ட் ப்ரீ. மழை, விபத்து, குழப்பம். அந்தக் காலத்தில் சுற்றுகளைக் கையால்தான் எழுதிக் கணக்கு வைத்தார்கள். மஞ்சள் நிற போர்ஷே 914-இல் வந்த சேஃப்டி கார், முதலிடத்தில் இருந்தவரை விட்டுவிட்டு வேறொரு காரின் முன்னால் போய் நின்றது. அதனால் சிலருக்கு ஒரு சுற்றே லாபமாகக் கிடைத்தது. பந்தயம் முடிந்து பல மணி நேரம் கழித்துத்தான் பீட்டர் ரெவ்சன் ஜெயித்தார் என்று முடிவானது.

48 வருடம் கழித்து, எல்லாமே கம்ப்யூட்டர் மயமான பிறகும் தவறு நின்றதா? 2021 டிசம்பர் 12, அபுதாபி. ஒரு சுற்று பின்தங்கிய கார்களில் ஹாமில்டனுக்கும் வெர்ஸ்டாப்பெனுக்கும் நடுவில் இருந்த ஐந்தை மட்டும் முன்னே போகவிட்டு, கடைசி ஒரு சுற்றுக்குப் பந்தயத்தைத் திறந்துவிட்டார் ரேஸ் டைரக்டர் மைக்கேல் மாசி. உலகச் சாம்பியன் பட்டம் அந்த ஒரு சுற்றில் கை மாறியது. மாசி நல்லெண்ணத்தோடுதான் செயல்பட்டார், ஆனால் நடந்தது மனிதத் தவறு என்று எஃப்ஐஏ பின்னர் அறிக்கை தந்தது. அதற்கு முன்பே அவர் அந்தப் பொறுப்பில் இருந்து எடுக்கப்பட்டிருந்தார்.

எண்டூரன்ஸ் பக்கமும் இதே தலைவலிதான். 2024 மே மாதம் ஸ்பா 6 மணி நேரப் பந்தயத்தில் நேர்பாதையில் ஒரு காடிலாக்கும் ஒரு பிஎம்டபிள்யூவும் மோதின. தடுப்புச் சுவரைச் சரிசெய்யவே நீண்ட நேரம் ஆனதால் சிவப்புக் கொடி. அப்போது முன்னிலையில் இருந்தது ஃபெராரி. பந்தயம் அவ்வளவுதான் என்று பலரும் நினைத்த நேரத்தில், 1 மணி 44 நிமிடம் கூடுதலாக ஓட்டலாம் என்று அறிவிப்பு வந்தது. கடைசியில் ஜெயித்தது ஜோட்டா அணியின் போர்ஷே. ஃபெராரி கொடுத்த புகார் எடுபடவில்லை.

இந்த மூன்று சம்பவங்களிலும் ஒரு பொதுவான விஷயம் இருக்கிறது. சேஃப்டி காரின் வேகத்தால் யாரும் பாதிக்கப்படவில்லை. யாரை எப்போது, எந்த வரிசையில் திரும்ப விடுவது என்ற முடிவில்தான் பிரச்சினை.

ஸ்டார்ட் சொல்லித்தந்த பாடம்

பந்தயத்தைத் திறந்துவிடும் நொடி எவ்வளவு முக்கியம் என்பதை லெ மான்ஸ் உயிரைக் கொடுத்துக் கற்றது. 1969 வரை அங்கே ஓட்டுநர்கள் பாதையின் ஒரு பக்கம் நிற்பார்கள், கார்கள் எதிர்ப்பக்கம் நிற்கும். கொடி அசைந்ததும் ஓடிப்போய் ஏறிக் கிளம்பணும். பார்க்க சினிமா மாதிரி இருக்கும். ஆனால் அவசரத்தில் பலர் சீட் பெல்ட்டே போடாமல் கிளம்புவார்கள்.

அந்த வருடம் ஜாக்கி இக்ஸ் என்ற இளம் ஓட்டுநர் ஓடவில்லை. எதிர்ப்புத் தெரிவித்து, நிதானமாக நடந்தே போய் ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டு கடைசியாகக் கிளம்பினார். அதே முதல் சுற்றில் ஜான் வுல்ஃப் விபத்தில் இறந்தார். அவர் பெல்ட் போட்டிருக்கவில்லை. 24 மணி நேரம் கழித்து ஜெயித்தது யார் தெரியுமா? நடந்து போன இக்ஸ்தான், ஏறக்குறைய 120 மீட்டர் வித்தியாசத்தில். அடுத்த வருடம் ஓட்டுநர்கள் பெல்ட் மாட்டிய நிலையில் காருக்குள் உட்கார்ந்தே கிளம்பினார்கள். 1971-ல் கார்கள் மெதுவாக வரிசையில் உருண்டு வந்து கிளம்பும் ரோலிங் ஸ்டார்ட் வந்தது.

பார்ப்பவர்களுக்குக் கிடைத்த ஒரு நிமிட த்ரில் போனது உண்மை. பந்தயத்தின் மதிப்பு அதனால் ஒரு துளியும் குறையவில்லை.

60-ல் இருக்கிறது விடை

துபாயில் அஜித் அணி ஓடிய 24ஹெச் சீரிஸில் ஒரு வித்தியாசமான முறை இருக்கிறது. பெயர் 'கோட் 60'. விபத்து நடந்ததும் ஊதாக் கொடி காட்டப்படும். பாதையில் எந்த மூலையில் இருந்தாலும் எல்லாக் கார்களும் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு வந்துவிடணும். ஓவர்டேக் கிடையாது. வழிநடத்த ஒரு கார் தேவையில்லை என்பதால் தவறான காரின் முன்னால் போய் நிற்கும் பேச்சும் இல்லை. இடைவெளிகள் அப்படியே உறைந்து நிற்கும். பச்சைக் கொடி வந்ததும் விட்ட இடத்தில் இருந்து ஓட்டலாம். உலக எண்டூரன்ஸ் சாம்பியன்ஷிப்பிலும் 80 கிலோமீட்டர் வேகத்தில் இதே போன்ற ஃபுல் கோர்ஸ் யெல்லோ முறை உண்டு.

இதில் குறையே இல்லையா? இருக்கிறது. மற்றவர்கள் மெதுவாகப் போகும்போது பிட்டுக்குள் நுழைபவருக்கு நேரம் மிச்சமாகும். கார்கள் பாதை முழுக்கப் பரவி இருப்பதால், மார்ஷல்களுக்கு அந்தக் காலி இடைவெளியும் கிடைக்காது. ஆகவே சேஃப்டி காரையே ஒழித்துவிடலாம் என்பது சரியான வாதம் இல்லை. முதலில் எல்லோரையும் உறைய வைக்கணும். பாதைக்குள் ஆட்கள் நீண்ட நேரம் வேலை செய்யணும் என்றால் மட்டும் சேஃப்டி கார் வரணும். திரும்ப விடும் முறை, பந்தயத்துக்கு முன்பே எழுத்தில் இருந்தபடியே நடக்கணும். கடைசிச் சுற்று பரபரப்பாக இருக்கணும் என்பதற்காக அந்த வரிகளை நடுவில் யாரும் மாற்றக் கூடாது.

இது வெளிநாட்டுக் கதை மட்டும் அல்ல. செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயும் இருங்காட்டுக்கோட்டை டிராக்கும் இருக்கும் தமிழ்நாடுதான் இந்திய மோட்டார் பந்தயத்தின் வீடு. இருங்காட்டுக்கோட்டையில் 2023 ஜனவரியில் 59 வயது கார் பந்தய வீரர் ஒருவரும், ஆகஸ்டில் 13 வயது பைக் பந்தய வீரர் ஒருவரும் உயிரிழந்தார்கள். அந்தச் சிறுவன் விழுந்தது பந்தயம் தொடங்கிய சற்று நேரத்தில். இந்த மைதானங்களின் ஓரத்தில் வெயிலில் கொடியோடு நிற்பவர்களும் யாரோ ஒருவரின் பிள்ளைகள்தான்.

2014-ல் ஜப்பானில், விபத்தான காரைத் தூக்க வந்த வாகனத்தின் மீது ஜூல்ஸ் பியாங்கியின் கார் மோதியது. அப்போது அந்த இடத்தில் மஞ்சள் கொடி அசைந்துகொண்டிருந்தது, ஆனால் சேஃப்டி கார் வந்திருக்கவில்லை. அடுத்த ஜூலையில் அவர் இறந்தார். எல்லோரையும் ஒரே நேரத்தில் மெதுவாக்கும் விர்ச்சுவல் சேஃப்டி கார் ஃபார்முலா 1-க்கு வந்தது அதன் பிறகுதான்.

மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடணும் என்பது விதி. நீலகிரியில் தினமும் வண்டி ஓட்டுபவர்கள் அதை நேர விரயமாக நினைப்பதில்லை. இரண்டாவது கியரில், முன்னால் போகும் லாரியின் பின்னாலேயே பொறுமையாக இறங்குவார்கள். எதிரில் ஜேசிபி நின்றால் அதன் பக்கத்தில் ஒரு மனுஷன் நிற்பான் என்று அவர்களுக்குத் தெரியும்.

அடுத்த முறை லைவில் சேஃப்டி கார் வந்ததும் மொபைலை மூடுவதற்கு முன், ஸ்க்ரீனின் ஓரத்தில் ஓடும் அந்த ஆரஞ்சு உடை மார்ஷலை ஒரு நிமிடம் பாருங்கள். அவர் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் திரும்பிப் போகும்வரை பந்தயம் காத்திருக்கட்டும்.