ஃபீல் பண்ணாத மச்சி

சென்ற மாதம் ஒரு அம்மா போன் செய்தார். மகன் இரண்டாம் ஆண்டு. ஊருக்குப் போயிருந்தபோது "கவுன்சிலிங் போயிட்டு இருக்கேம்மா" என்று சொல்லியிருக்கிறான். அம்மாவுக்கு ஒரே பதற்றம். "ஏங்க மேடம், போன வருசமே கவுன்சிலிங் முடிஞ்சு சீட்டு வாங்கியாச்சே. மறுபடி எதுக்குக் கவுன்சிலிங்? காலேஜ் மாத்தப் போறானா? கட்டுன பீஸைத் திருப்பித் தருவாங்களா?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு பதில் சொன்னேன். அவரைக் குறை சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் கவுன்சிலிங் என்றால் கட்-ஆஃப், ரேங்க், சாய்ஸ் ஃபில்லிங். எங்கள் தொழிலுக்கான வார்த்தையை அட்மிஷன்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் உங்கள் கல்லூரிக்கு வாரத்தில் இரண்டு நாள் வருகிற மனநல ஆலோசகர். நூலகத்துக்குப் பின்னால், பழைய ரெக்கார்ட் நோட்டுகளைக் குவித்து வைத்திருக்கிறார்களே, அதற்கு அடுத்த அறை. மின்னிதழ்க் குழுவிலிருந்து இரண்டு பேர் வந்து, "மேம், மென்டல் ஹெல்த் பத்தி ஏதாச்சும் எழுதிக் குடுங்க, கொஞ்சம் மோட்டிவேஷனா" என்று கேட்டார்கள். மோட்டிவேஷன் எனக்கு வராது. அதற்கு வருஷா வருஷம் ஆடிட்டோரியத்துக்கு ஒருவர் வந்து கை தட்டச் சொல்லிவிட்டுப் போகிறார். என்னிடம் இருப்பது ஒரு புகார். அதை எழுதுகிறேன்.

புகார் ஒரு வார்த்தையின் மேல். ஃபீல்.

ஆங்கிலத்தில் சந்தோஷமும் ஃபீல்தான், எரிச்சலும் ஃபீல்தான், பெருமையும் ஃபீல்தான். நம்ம ஊருக்கு வந்ததும் அது சோகத்துக்கு மட்டும் ஆகிவிட்டது. "அவன் ரொம்ப ஃபீல் பண்றான்டா" என்றால் அவன் குஷியாக இருக்கிறான் என்று யாருக்காவது புரியுமா? கூடவே 'பண்றான்' என்று ஒரு வாலும் ஒட்டிக்கொண்டது. பண்ணுகிற காரியம் என்றால் பண்ணாமலும் இருக்கலாம், இல்லையா? அப்படித்தான் "ஃபீல் பண்ணாத மச்சி" பிறந்தது. சத்தம் போடாதே, வண்டியை இங்கே நிறுத்தாதே, ஃபீல் பண்ணாதே.

இதைச் சொல்லும் நண்பர்கள் கெட்டவர்கள் இல்லை. ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து வந்து தோளில் கை போட்டுச் சொல்கிறவர்கள். அந்தக் கை நல்ல கை. வார்த்தைதான் தப்பு.

நானே சொல்லியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது, வேறு ஒரு கல்லூரி. அப்பா இறந்து, காரியமெல்லாம் முடிந்து ஒரு மாணவி திரும்பி வந்திருந்தாள். உட்கார்ந்தாள், அப்பா கடைசியாக அவளுக்கு போனில் அனுப்பிய படத்தைக் காட்டினாள், அழ ஆரம்பித்தாள். நான் படித்ததெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. "ஃபீல் பண்ணாதம்மா, அப்பா உன்னைப் பாத்துட்டேதான் இருப்பாரு" என்றேன். அவள் உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஓகே மேம், தேங்க்ஸ் மேம்." எழுந்து போனாள். பிறகு வரவே இல்லை. காரிடாரில் பார்த்தால் சிரிப்பாள், நிற்க மாட்டாள். அன்றைக்கு என் வாயிலிருந்து வந்ததன் உண்மையான அர்த்தம் என்ன என்று எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது. 'நீ அழறதை என்னால பாத்துட்டு இருக்க முடியல, நிறுத்து.' அவ்வளவுதான். அவளைத் தேற்றவில்லை, என்னைக் காப்பாற்றிக்கொண்டேன்.

சரி, ஃபீல் பண்ண விடாமல் தடுத்தால் அது எங்கே போகும்? 'டென்ஷன்' என்கிற பெட்டிக்குள் போகும். என் அறைக்கு வருகிறவர்களிடம் என்ன விஷயம் என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் "ஒண்ணுமில்ல மேம், கொஞ்சம் டென்ஷன்". அரியர் விழுந்தாலும் டென்ஷன், வீட்டில் அப்பா குடித்துவிட்டு வந்தாலும் டென்ஷன், பிடித்த பெண் ரிப்ளை பண்ணாவிட்டாலும் டென்ஷன். அண்மையில் அதற்குப் போட்டியாக 'டிப்ரஷன்' வந்திருக்கிறது. மெஸ்ஸில் உப்புமா என்றால்கூட டிப்ரஷன். நெஜமாவே டிப்ரஷனில் இருப்பவன் அந்த வார்த்தையைச் சொல்லும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அதுதான் கஷ்டம்.

ஒரு பையன் வந்தான். அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன், எழுதலாமா என்று கேட்டு, அவன் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன். மூன்றாவது செமஸ்டர். அரியர் இல்லை, காதல் இல்லை, வீட்டில் பிரச்சினை இல்லை. ஆனால் காலையில் எழுந்திருக்கப் பிடிக்கவில்லை, முதல் பீரியட் தொடர்ந்து ஆப்சென்ட். "டென்ஷன் மேம்." எதுக்கு டென்ஷன்? "தெரியல மேம், சும்மாதான்." இரண்டு உட்காரல் இப்படியே போனது. மூன்றாவது தடவை பேச்சு எப்படியோ அவன் பள்ளிக்கூடத்துக்குப் போனது. அங்கே அவன்தான் முதல் மாணவன். ப்ரேயரில் பேர் சொல்லிக் கூப்பிடுவார்களாம். ஊரில் டீக்கடைக்காரர் வரை 'இன்ஜினியர்' என்பாராம். இங்கே வகுப்பில் அறுபது பேர், அறுபது பேரும் எங்கேயோ முதல் மாணவர்கள். "இங்க நான் யாருன்னே யாருக்கும் தெரியாது மேம்" என்றான். குரல் உடைந்தது. அதற்கு மேல் டென்ஷன் என்கிற வார்த்தையை அவன் சொல்லவில்லை.

அன்று இரவு இதை ஏதோ பேச்சில் என் அப்பாவிடம் சொன்னேன், ஆள் யார் என்று சொல்லாமல். அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எதைச் சொன்னாலும் தொல்காப்பியத்தில் கொண்டுபோய் நிறுத்துவார், நாங்களும் தப்பித்து ஓடுவோம். அன்றைக்கு ஓடவில்லை. "இதுக்குப் பேர் இருக்கே, அசைவு" என்றார்.

பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஒரு பகுதி. மனசில் நடப்பது உடம்பில் எப்படித் தெரிகிறது என்பதைப் பற்றியது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டைச் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றும் எந்த நான்கிலிருந்து பிறக்கும் என்றும் தொல்காப்பியர் சொல்கிறார். அழுகை பிறக்கும் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. உரைகாரர் பேராசிரியர் (டிபார்ட்மென்ட் பேராசிரியர் இல்லப்பா, அவர் பேரே அதுதான்) அசைவு என்பதற்கு, முன்பிருந்த நிலை கெட்டு வேறு மாதிரி ஆகிப்போய் வருந்துவது என்கிற பொருளில் விளக்கம் தருகிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் மூன்றாவது செமஸ்டர் பையன்!

தொல்காப்பியம் மனநல நூல் இல்லை, கவிதை பற்றிப் பேசுவது. 'நம்ம முன்னோர்கள் அன்றே சைக்காலஜி கண்டுபிடித்தார்கள்' என்று ஃபார்வர்ட் அனுப்பிவிடாதீர்கள். நான் சொல்ல வருவது சின்ன விஷயம். அழுகை ஒன்றுதான், ஆனால் அது வரும் வழி வேறு வேறு என்று பார்க்கத் தெரிந்த ஒரு மொழி நம்மிடம் இருந்தது. வழி தெரிந்தால்தான் என்ன செய்வது என்று யோசிக்க முடியும்.

இழவுக்கு ஒன்றும் செய்ய முடியாது. கூட இருக்கலாம். அந்தப் பெண் படத்தைக் காட்டியபோது நான் செய்திருக்க வேண்டியது "எப்போ எடுத்த படம் இது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பது.

இளிவு வேற கதை. அது அவமானம், நம்மை இழிவாக நடத்துவதால் வருவது. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்த ஒரு பெண், வைவாவில் பதில் தெரிந்தும் ஆங்கிலம் தடுமாறியதால், "நீயெல்லாம் எதுக்கு இன்ஜினியரிங் வந்த?" என்று எல்லார் முன்னாலும் கேட்கப்பட்டாள். அதன் பிறகு லேப் இருக்கும் நாளெல்லாம் வயிற்றுவலி. அவளிடம் போய் மூச்சை இழுத்து விடும்மா, பாசிட்டிவா யோசி என்றால் என்ன அர்த்தம்? கோளாறு அவளிடம் இருக்கிறது என்று அர்த்தம். அவளிடம் கோளாறு எதுவும் இல்லை. அங்கே மாற வேண்டியது வைவா நடத்தியவரின் வாய்.

வறுமை பற்றித்தான் நாம் யாரும் பேசுவதே இல்லை. ஒருவன் என்னிடம், "நான் இன்ட்ரோவர்ட் மேம், அதான் யாரோடயும் வெளிய போறதில்ல" என்றான். பேசப் பேசத் தெரிந்தது, அறைக்குள் வந்துவிட்டால் மூச்சுவிடாமல் பேசுகிறவன். இன்ட்ரோவர்ட் எல்லாம் இல்லை. வெளியே போனால் காசு வேண்டும். பர்த்டே என்றால் கேக்குக்கு ஷேர், அப்புறம் ட்ரீட், சிம்போசியம் என்றால் ரெஜிஸ்ட்ரேஷன், பஸ் செலவு. அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவன். கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசு ஏற்கிறது, ட்ரீட்டுக்கு யார் தருவது? இரண்டு முறை 'வேலை இருக்கு' என்று சொல்லிப் பார்த்தான். மூன்றாவது முறை அவர்கள் கூப்பிடவில்லை. நான்காவது முறை அவனே தனக்கு இன்ட்ரோவர்ட் என்று பேர் வைத்துக்கொண்டான். கையில் காசில்லை என்பதைவிட அது கௌரவமான பேர்.

இங்கேதான் என் கோபம். 'ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட்' என்று ஒரு மத்தியானம் எல்லாரையும் ஆடிட்டோரியத்தில் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, கடற்கரையில் நடப்பதாகக் கற்பனை பண்ணச் சொல்கிறார்கள். மூச்சுப் பயிற்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை. படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது மெதுவாக மூச்சை வெளியே விடுவது உதவும், நானே சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் அவமானப்பட்டவள், காசில்லாதவன், அப்பாவை இழந்தவள், தன் இடம் தொலைந்து நிற்கிறவன் எல்லாருக்கும் ஒரே மாத்திரை என்றால் எப்படி? 'ஃபீல் பண்ணாத மச்சி'யின் பவர்பாயின்ட் வடிவம்தான் அது.

பேர் வைப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள், இன்ஜினியர்கள் ஆயிற்றே. 2007-இல் மாத்யூ லீபர்மேன் என்கிற உளவியலாளரும் அவர் குழுவும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பயந்த முகம், கோபமான முகம் என்று படங்களைக் காட்டி, மூளையை ஸ்கேன் செய்தார்கள். அந்த உணர்ச்சிக்குரிய வார்த்தையைத் தேர்ந்தெடுத்தபோது, மூளையில் அபாய மணி அடிக்கும் பகுதியான அமிக்டலாவின் கொதிப்பு குறைந்தது. அதற்கும் முன்பு, 1986-இல், ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் கல்லூரி மாணவர்களை நான்கு நாட்கள், தினம் பதினைந்து நிமிடம் எழுதவைத்தார்கள். மனசைப் புரட்டிப்போட்ட ஒரு சம்பவத்தை, நடந்ததையும் அதில் பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குக் குறைவாகவே போனார்கள். எழுதி முடித்த உடனே மனசு லேசாகிவிடவில்லை, இன்னும் கனத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முயன்று பார்க்கிறவர்கள் முதல் நாளே நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எழுதும்போது தாங்க முடியாமல் போனால் மட்டும் நிறுத்திவிட்டு யாரிடமாவது பேசுங்கள்.

எல்லாமே பேர் வைத்தால் தீர்ந்துவிடும் வகை இல்லை. இரண்டு வாரத்துக்கும் மேலாக, கிட்டத்தட்ட தினமும், நாளின் பெரும்பகுதி மனசு கனத்தே கிடக்கிறது, அல்லது முன்பு பிடித்த எதிலும் பிடிப்பில்லை. கூடவே தூக்கம், பசி, கவனம் எல்லாம் மாறிவிட்டது, நான் எதற்கும் லாயக்கில்லை என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. இதுதான் டாக்டர்கள் டிப்ரஷன் என்று சந்தேகிக்கிற நிலை. அங்கே என்னைப் போன்றவர்களோடு மனநல மருத்துவரும் வேண்டும், சிலருக்கு மருந்தும் வேண்டும். "வீட்டுக்குத் தெரிஞ்சிடுமா மேம், ஹெச்ஓடிக்குப் போயிடுமா?" என்று தயங்குவீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், சிகிச்சை விவரம் வெளியே போகாமல் இருக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. என் அறையில் பேசுவதும் வெளியே போகாது. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்வேன், அதையும் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான்.

நண்பன் ஒருவன் "நான் இல்லாட்டி என்ன" என்கிற மாதிரி பேச ஆரம்பித்தால், நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதாடா?" கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. பெரும்பாலும், யாராவது கேட்டார்களே என்று அவன் பேச ஆரம்பிப்பான். ஆமாம் என்றால் அவனைத் தனியாக விடாதீர்கள், ஒரு பெரியவரைக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் எண் 14416, இலவசம், ராத்திரி எந்நேரமும் தமிழில் பேசலாம். அவனுக்காக நீங்களும் கூப்பிடலாம்.

மற்ற நாட்களில் இவ்வளவெல்லாம் தேவைப்படாது. "என்னாச்சு?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை போனை எடுக்காமல் இருந்தால் போதும். "சாப்பிட்டியா, வா டீ குடிக்கலாம்" என்பதும் நல்ல ஆரம்பம்தான். கேன்டீன் பின்னால் இருக்கும் அந்தத் திட்டு, பல நேரம் என் அறையைவிட நல்ல இடம்.

மூன்றாவது செமஸ்டர் பையன் இப்போது நான்காவது செமஸ்டர். போன வாரம் வந்தான். "இன்னைக்கு டென்ஷன் இல்ல மேம், பொறாமை" என்றான். ரூம்மேட்டுக்கு இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. அரை மணி நேரம் பொறாமையைப் பற்றிப் பேசினோம், நல்ல பேச்சு.

செவ்வாய், வெள்ளி, மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை இருப்பேன். அட்டெண்டன்ஸில் ஓடி எழுதித் தர முடியாது, அதைக் கேட்டு வராதீர்கள். கதவு கொஞ்சம் இறுகிப்போயிருக்கும், பூட்டியிருக்கிறது என்று நினைத்துத் திரும்பிப் போய்விடாமல் தள்ளிப் பாருங்கள்.