பூட்டி எடுப்பதா, பூட்டியதை வாங்குவதா?

உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த பிள்ளைகள் உள்ள இல்லங்களில் இந்நாட்களில் அடிக்கடி எழும் வழக்கொன்று உண்டு. விளையாட்டுகளைத் தடையின்றி ஓட்டக்கூடிய கணினி வேண்டுமென மகன் கேட்கிறான். தந்தையார் சீட்டுக் காசை மனத்துள் எண்ணிப் பார்க்கிறார். "விளையாட்டுக்கா இவ்வளவு காசு?" என்கிறார் தாயார். உதிரிப் பாகங்களை வாங்கி வீட்டிலேயே பூட்டினால் மலிவு என்கிறான் அண்ணன். கடையில் பூட்டி வைத்திருப்பதை எடுப்பதே நன்று என்கிறார் மாமா. இவ்வழக்கை இவ்வாரம் ஆராய்வோம்.

முதலில் தாயாருக்கு விடை கூறுவோம். விளையாட்டை நன்றாக ஓட்டும் கணினி, பொறியியற் படங்கள் வரையவும், நிரல்கள் எழுதவும், காணொளிகளைத் தொகுக்கவும் நன்றாகவே உதவும். ஆகவே இது வீண் செலவன்று. ஆயின், தெரிவு பிழைத்தால் வீண் செலவாகிவிடும் என்பதும் உண்மையே.

கணினிப் பெட்டியினுள் இருப்பவை சிலவே. கணக்கிடுவது புரொசெசர். திரையிற் காட்சிகளைத் தீட்டுவது கிராபிக்ஸ் காட். வேலை நடக்கும்போது தரவுகளை ஏந்தி நிற்பது நினைவகம். அவற்றைச் சேமித்து வைப்பது எஸ்.எஸ்.டி. இவற்றை இணைப்பது மதர்போட். இவை யாவற்றுக்கும் மின்னூட்டுவது பவர் சப்ளை. விளையாட்டைப் பொறுத்தமட்டிற் பெரும்பங்கு வேலை கிராபிக்ஸ் காட்டினுடையது. பணத்திற் பெரும்பங்கும் அதற்கே போகும்.

பாகங்களைத் தெரிந்து பூட்டுவதன் முதல் நன்மை, உள்ளே இருப்பது இன்னதென்று வீட்டார் அறிந்திருத்தல். இரண்டாவது நன்மை, படிப்படியாக வளர்க்கலாம் என்பது. நம்மவர் வீடு கட்டும் முறை இதற்கு நல்ல உவமை. முதலில் ஓர் அறையும் குசினியும் கட்டிக் குடிபுகுவர். காசு சேரச் சேர விறாந்தையும் மற்றை அறைகளும் எழும். அவ்வாறே 2021 ஆம் ஆண்டில் வெளிவந்த ரைசன் 5 5600ஜி போன்ற புரொசெசரில், காட்சிகளைத் தீட்டும் பகுதி உள்ளேயே அமைந்திருக்கிறது. தனிக் கிராபிக்ஸ் காட் இன்றியே வலரன்ட் போன்ற இலகுவான விளையாட்டுகளை அதில் ஆடலாம். காட்டைப் பின்னர் வாங்கிச் செருகலாம். இவ்வழியிற் செல்வோர் 16 ஜி.பி. நினைவகத்தை ஒரே துண்டாக வாங்காது, 8 ஜி.பி. துண்டுகள் இரண்டாக வாங்குதல் வேண்டும். இரு வழிகளாலும் தரவு பாயும்போதே அப்புரொசெசர் தன் முழுத் திறனையும் காட்டும்.

இனி, பூட்டியதை வாங்குவோர் பக்கத்து நியாயம். ஒரே பற்றுச்சீட்டு, ஒரே உத்தரவாதம், கேட்பதற்கு ஒரே ஆள். நாமே பூட்டிய கணினி ஒருநாள் உயிர்பெற மறுத்தால், குற்றம் மதர்போட்டிலா, நினைவகத்திலா, பவர் சப்ளையிலா என்று தேடும் பொறுப்பும் நம்முடையதே. மேலும், பூட்டினால் எப்போதும் மலிவு என்பது உண்மையன்று. 2022 ஆம் ஆண்டில் டொலர் ஒன்றின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறியதையும், 2025 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உலகெங்கும் நினைவகத்தின் விலை பன்மடங்கு உயர்ந்ததையும் யாவரும் அறிவர். அத்தகைய வேளைகளிற் பழைய விலைக்கு வாங்கிய பாகங்களால் முன்னரே பூட்டி வைத்த பெட்டி மலிவாய்க் கிடைப்பதும் உண்டு.

ஆயின் பூட்டிய பெட்டியில் ஒளிவுமறைவுக்கு இடமுண்டு. "ஐ7, 16 ஜி.பி." என்று மாத்திரம் விளம்பரஞ் செய்வர், எத்தலைமுறை என்று கூறார். 2011 ஆம் ஆண்டின் ஐ7 2600 ஐ விட, 2022 ஆம் ஆண்டின் ஐ3 12100 மிக வல்லது என்பதைப் பலர் அறியார். "4 ஜி.பி. கிராபிக்ஸ்" என்பதும் அத்தகையதே. 2014 ஆம் ஆண்டின் ஜி.ரி. 730 காட்டிலும் 4 ஜி.பி. உடைய வகை உண்டு. அதனாற் புதிய விளையாட்டுகளைத் தாங்கும் வலு அதற்கு வந்துவிடாது. சாக்கின் அளவு கூலியாளின் பலமாகுமா? இன்னும், வெளியே வண்ண விளக்குகள் மின்ன, உள்ளே பெயர்தெரியாத பவர் சப்ளையை வைப்பாரும் உளர். அது பழுதுபடும்போது ஏனைய பாகங்களையும் உடன்கொண்டு போகக்கூடும்.

மிகக் குறைந்த பணமுடையோர் அலுவலகங்களிற் பாவித்த பெட்டிகளை நாடுவர். இதுவும் நல்வழியே; ஆயினும் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 ஆம் திகதியுடன் முடிந்தது. விண்டோஸ் 11 ஐ முறைப்படி ஏற்க, இன்ரெல் புரொசெசராயின் எட்டாந் தலைமுறை அல்லது அதற்குப் பிற்பட்டது வேண்டும். அடுத்து, அப்பெட்டிகளின் பவர் சப்ளை பெரும்பாலும் சிறியது. மதர்போட்டின் செருகுவாய் தரக்கூடிய மின்வலு 75 வாற்று மாத்திரமே, ஆகையால் ஆர்.ரி.எக்ஸ். 3050 இன் 6 ஜி.பி. வகைபோல, தனி மின்வயர் வேண்டாத காட்டையே தேடுக. மூன்றாவது, மெலிந்த பெட்டியாயின் உயரங் குறைந்த காட்டே உள்ளே நுழையும். அளந்து பார்த்த பின்னரே வாங்குக.

இவற்றையெல்லாம் சீர்தூக்கின், ஓர் உண்மை புலனாகும். திருகாணியை முடுக்குவது எவர் கை என்பது பெரிதன்று. பாகங்களைத் தெரிவது எவர் அறிவு என்பதே பெரிது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ உங்களூர்க் கடையிலோ, ஒவ்வொரு பாகத்தின் முழுப்பெயரும் விலையும் எழுதிய பட்டியலைக் கேளுங்கள். இரண்டு மூன்று கடைகளின் பட்டியல்களை அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். பாகங்களை ஒரே கடையில் வாங்குவோருக்குக் கடைக்காரரே பூட்டிக் கொடுப்பதும் வழக்கம். தெரிவு நம்முடையதாகவும் உழைப்பு அவருடையதாகவும் அமையும் இந்நடுவழியே பெரும்பாலான குடும்பங்களுக்கு ஏற்றதென்பது நமது கருத்து. பட்டியல் தர மறுக்கும் இடத்திற் பணத்தை எண்ணாதீர்கள்.

பற்றுச்சீட்டின் சிறிய எழுத்துகளையும் படியுங்கள். ஒரு வருட உத்தரவாதம் என்பது 350 நாட்களே எனச் சிலவற்றில் அச்சிட்டிருக்கும். மின்னலால் நேரும் சேதத்துக்கு உத்தரவாதம் பொதுவாகச் செல்லாது. ஆகவே சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி முழங்கும் மாலைகளில், சுவரிலுள்ள மின்செருகியைக் கழற்றிவிடுதல் செலவில்லாத காப்புறுதியாகும்.

தந்தையர்க்கு ஒரு யோசனை கூறி முடிப்போம். பட்டியலை மகனையோ மகளையோ எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரியையும் சுட்டி, "இஃது ஏன்? இதனிலும் மலிந்தது ஏன் ஆகாது?" என்று கேளுங்கள். பிள்ளை தெளிவாய் விடை பகர்ந்தால், திருகாணிச் சாவியை அப்பிள்ளையின் கையிலே தயங்காது கொடுக்கலாம். தடுமாறினால், பூட்டியதையே வாங்குங்கள். அப்போதும் பட்டியல் கையிலிருக்கட்டும். மாதக் கணக்கிற் சேர்த்த சீட்டுக் காசு ஒரு மாலைப்பொழுதிற் கைமாறப் போகிறது. அதற்கு முன் அரைமணி நேரம் வினாவுவது மிகையாகாது.