இன்ஜெக்டரைக் கழுவுவதற்கு முன் ஒரு கேள்வி

ஒயில் மாற்றப் போன இடத்தில், "இன்ஜெக்டரையும் கிளீன் பண்ணுவோமா? நூற்றைம்பது டொலர்தான்" என்று கேட்டால் உடனே தலையாட்டாதீர்கள். முதலில் "ஏன்?" என்று கேளுங்கள்.

இதை உங்களுக்கு எழுத ஒரு காரணம் இருக்கிறது. எங்களில் பலர் சொந்தமாகக் கார் வாங்குவதற்கு முன்பே, அப்பா அம்மாவின் காருக்காகக் கராஜில் மொழிபெயர்ப்பாளராக நின்றவர்கள். "செய்யத்தான் வேணுமோ?" என்று அவர்கள் எங்களிடம்தான் கேட்பார்கள். நாங்கள் சொல்லும் பதிலில் அவர்கள் இரவு வேலை செய்து சேர்த்த காசு இருக்கிறது. அதனால் அந்தப் பொருள் என்ன செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இன்ஜெக்டர் என்பது மின்சாரத்தில் இயங்கும் ஒரு குட்டி வால்வு. உள்ளே ஒரு கம்பிச்சுருள், ஒரு ஸ்பிரிங், ஓர் ஊசி. மின்சாரம் வந்தால் சுருள் காந்தமாகி ஊசியை இழுக்கும். நுனியில் உள்ள நுண்ணிய துளைகள் வழியாகப் பெற்றோல் புகைபோலத் தெறிக்கும். மின்சாரம் நின்றால் ஸ்பிரிங் ஊசியைத் தள்ளி மூடிவிடும். எவ்வளவு நேரம் திறப்பது என்பதைக் காரின் கணினி தீர்மானிக்கிறது. கார் நின்றபடி ஓடும்போது ஒரு தடவைக்குச் சில மில்லிசெக்கன் மட்டுமே. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால், ஒவ்வோர் இன்ஜெக்டரும் செக்கனுக்கு 25 தடவை திறந்து மூடுகிறது.

அழுக்கு எப்படிச் சேர்கிறது? எஞ்சினை நிறுத்திய பிறகும் சூடு இருக்கும். நுனியில் மிஞ்சிய பெற்றோல் அந்தச் சூட்டில் ஆவியாகி, வார்னிஷ் பூசியதுபோல ஒரு படிவை விட்டுவிடும். வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்கும் கடைக்கும் என்று குறுகிய தூரமே ஓடும் கார்களில் இது கூடுதலாக நடக்கும். துளை அடைபட்டால் தெறிப்பு கோணலாகும், எஞ்சின் நடுங்கும், அக்சிலரேட்டரை மிதித்தால் தயங்கும்.

ஆனால் இதே அறிகுறிகள் பழைய ஸ்பார்க் பிளக்கிலும், காற்றுக் கசிவிலும், அழுக்கான காற்று சென்சரிலும் வரும். இதனால்தான் சோதிக்காமல் இன்ஜெக்டரைக் கழுவச் சொல்வதை நான் எதிர்க்கிறேன். என் வேலையில் ஒரு சர்வர் மெதுவானால் முதலில் லொக் பார்ப்போம். காரிலும் லொக் இருக்கிறது. ஸ்டீயரிங்கின் கீழே உள்ள ஓ.பி.டி 2 சொக்கெட்டில் ஒரு மலிவான ரீடரைச் செருகினால், 'ஃபியூவல் ட்ரிம்' என்ற எண் ஃபோனில் தெரியும். கணினி வழக்கத்தைவிட எவ்வளவு பெற்றோல் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்பதே அந்த எண். பொதுவாக அது கூட்டியோ குறைத்தோ 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை.

என் சித்தப்பாவின் வானில் எஞ்சின் விளக்கு எரிந்தபோது, இன்ஜெக்டர்தான் காரணம் என்று ஓரிடத்தில் சொன்னார்கள். ரீடரைச் செருகிப் பார்த்தோம். வான் நின்றபடி ஓடும்போது ட்ரிம் மிக உயர்ந்திருந்தது. வேகம் கூட்டியதும் சாதாரண நிலைக்கு வந்தது. அடைபட்ட இன்ஜெக்டர் என்றால் பெரும்பாலும் இதற்கு எதிராக, பெற்றோல் அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் திணறும். தேடியபோது வெடித்த ஒரு ரப்பர் குழாய் கிடைத்தது. அதை மாற்றியதோடு விளக்கு அணைந்தது.

கராஜ்காரர்கள் எல்லாம் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவரவில்லை. அடைப்பு உண்மையாகவே வரும். பழைய கார்களில் கழட்டிச் சோதித்துச் சுத்தம் செய்வது பலன் தரும். சோதித்துக் காட்டும் மெக்கானிக்குக் காசு கொடுப்பதில் எனக்கு வருத்தமே இல்லை.

அதுவரை பராமரிப்பு என்பது பெரும்பாலும் நல்ல பெற்றோல்தான். பி.எம்.டபிள்யூ, ஜி.எம், ஹொண்டா, டொயோட்டா ஆகியவை 2004இல் 'டொப் டியர்' என்ற தரத்தைக் கொண்டுவந்தன. படிவைத் தடுக்கும் டிடர்ஜென்ட் கூடுதலாகச் சேர்த்த பெற்றோல் அது. ஏ.ஏ.ஏ என்ற அமெரிக்க வாகன அமைப்பு 2016இல் வெளியிட்ட சோதனையில், இந்தத் தரத்தில் இல்லாத பெற்றோல் எஞ்சினுக்குள் சராசரியாக 19 மடங்கு அதிகப் படிவை விட்டது. இந்தத் தரமுள்ள நிலையங்களில் சாதாரண 87 ஒக்டேனிலும் அந்த டிடர்ஜென்ட் இருக்கும். உங்கள் காரின் கையேடு 87 போதும் என்றால், சுத்தத்துக்காக விலை கூடிய 91 அடிக்கத் தேவையில்லை.

இன்னும் சில: இடைக்கிடை ஹைவேயில் ஒரு நீண்ட ஓட்டம் நல்லது. கிளீனர் போத்தல் வாங்கினால் பாலிஈத்தர்அமீன் உள்ளதைப் பாருங்கள். உங்கள் கார் 'டைரக்ட் இன்ஜெக்‌ஷன்' வகை என்றால், பெற்றோல் நேரே சிலிண்டருக்குள் போகிறது. இன்டேக் வால்வுகளைத் தொடுவதே இல்லை. அதனால் அங்கே சேரும் கரியை எந்தப் போத்தலும் கழுவாது. அந்த அமைப்பில் அழுத்தம் 100 பாரைத் தாண்டும். யூடியூப் பார்த்து நீங்களே கழட்டாதீர்கள். எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் தள்ளிப்போடவும் வேண்டாம். எரியாத பெற்றோல் கட்டலிட்டிக் கன்வேர்ட்டரைப் பழுதாக்கிவிடும். அதை மாற்றும் செலவு மிகப் பெரியது.

அடுத்த முறை அப்பாவோடு கராஜுக்குப் போனால், மொழிபெயர்ப்போடு நிற்காதீர்கள். "எந்தக் கோட் வந்தது? ட்ரிம் எவ்வளவு? காட்ட முடியுமா?" இந்த மூன்றையும் மரியாதையாகக் கேளுங்கள். தெளிவான பதில் கிடைத்தால் செய்யுங்கள். கிடைக்காவிட்டால் ஒயிலை மட்டும் மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.