ஏலமலைக்கு வேண்டும் ஆய்வு மருத்துவர்கள்

விடியும் முன்பே போடிநாயக்கனூரிலிருந்து ஜீப்புகள் போடிமெட்டு ஏறுகின்றன. உள்ளே, இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் கூலிப் பெண்கள். ஏலம், பூச்சிமருந்து அதிகம் தெளிக்கப்படும் பயிர். அந்த நெடி ஆண்டுக்கணக்கில் உடலை என்ன செய்கிறது? மருத்துவ மாணவருக்கு இதைவிட நல்ல ஆய்வுக்களம் ஏது?

போடி இருக்கும் தேனி மாவட்டத்திலேயே, க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாணவர் ஆய்வுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1979 முதல் குறுகிய கால உதவித்தொகையும் தருகிறது. ஆனால் காலம் இரண்டே மாதம்! தோட்டத்துக் கங்காணியிடம் அனுமதி வாங்கவே அது சரியாகிவிடும்.

அமெரிக்காவில் மருத்துவத்தோடு பிஎச்.டி.யும் சேர்த்துப் படிக்க 1964 முதல் அரசு நிதி உண்டு. அப்படிப் படித்தவர்களில் பெரும்பாலோர் ஆய்விலும் கற்பித்தலிலும் நிலைத்தார்கள். ஆர்வமுள்ளவர்கள்தானே அதில் சேர்ந்தார்கள் என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. பட்டத்துக்கே முழுப் புகழும் சேராது. ஆனால் அந்த ஆர்வத்துக்கு நேரமும் பணமும் வழிகாட்டியும் கிடைத்தன. பிரிட்டனிலோ படிப்பின் நடுவே ஓராண்டு ஒதுக்கி ஆய்வுப் பட்டம் பெறுவது சாதாரணம்.

இங்கே எம்.பி.பி.எஸ். மாணவரின் கண் முதுநிலை நுழைவுத்தேர்வின் மேல்தான். பிறகு பேராசிரியர் பதவி உயர்வுக்காக அவசரக் கட்டுரைகள்.

விருப்பமுள்ள சிலருக்காவது ஓராண்டு ஆய்வு விடுப்பையும் பட்டத்தையும் உதவித்தொகையையும் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும் அரசும் தர வேண்டும். முதல் இடங்களைத் தேனிக்கு ஒதுக்கட்டும்.