அணிக்காக உடலா, உடலுக்காக அணியா?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், அருவிக்குச் செல்லும் வழியெங்கும் பாசிமாலைகளும் வளையல்களும் தொங்கட்டான்களும் கண்ணைப் பறிக்கும். தென்காசியிலிருந்து செல்லும் நம் தோழியர் அங்கே ஒருவரையொருவர் கேட்பதெல்லாம், "இது எனக்கு எடுப்பாக இருக்குமா?" என்பதுதான்.

கேட்பதில் தவறில்லை. வட்ட முகத்திற்கு நீண்ட தொங்கட்டானும், குட்டைக் கழுத்திற்கு இறங்கித் தொங்கும் மாலையும் எடுப்பாகவே இருக்கும். மேலிருந்து கீழாக ஓடும் கோட்டைக் கண் பின்தொடர்வதே காரணம். ஆனால், தோற்றம் மட்டுமே அளவுகோலா?

நம் நெல்லைச் சீமைப் பாட்டிமாரின் பாம்படத்தை எண்ணிப் பாருங்கள். அரக்கின்மேல் பொன்தகடு போர்த்திய அந்த அணியைத் தாங்குவதற்காக, சிறு வயதிலேயே காதைத் துளைத்து, ஓலைச்சுருள் செருகி, துளையைப் பெரிதாக்கித் தோள்வரை வளர்த்தார்கள். பின்னர் நாகரிகம் மாறியது. வளர்த்த காதையே அறுத்துத் தைத்துக் கம்மல் போட்டுக்கொண்டவர் பலர். இருமுறையும் வலி பெண்ணுக்கு, வெற்றி நாகரிகத்துக்கு!

இன்று நாம் மாறிவிட்டோமா? மலிவான போலி நகைகள் பலவற்றில் கலந்துள்ள நிக்கல், சிலருக்கு அரிப்பையும் புண்ணையும் உண்டாக்குகிறது. ஐரோப்பிய நாடுகள் 1994-லேயே, தோலில் படும் நகைகளில் நிக்கலுக்கு வரம்பு விதித்தன. நம்மிலோ, புண்பட்ட காதிலும் புடவைக்குப் பொருத்தமென்று ஜிமிக்கி மாட்டி வருவோரை நான் காண்கிறேன்.

ஆகவே தோழியரே, கண்ணாடியைக் கேட்குமுன் காதைக் கேளுங்கள். வலிக்கிறதா, அரிக்கிறதா என்று பாருங்கள். எடுப்பெல்லாம் அதற்குப் பிறகுதான் என்பதே என் கருத்து.