போர்த்துக்கல் காத்திருந்த 53 ஆண்டுகள்

2017 ஆம் ஆண்டு மே மாதம் 13 ஆம் நாள் இரவு, உக்ரேன் தலைநகர் கீவில் நடைபெற்ற யூரோவிசன் பாடற்போட்டியின் இறுதிச் சுற்றில் போர்த்துக்கல் முதலிடம் பெற்றது. 1964 இல் முதன்முதலாக அப்போட்டியிற் கலந்துகொண்ட நாடு அது. இடையே 48 தடவைகள் பங்குபற்றியும் ஒருமுறையேனும் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்ததில்லை. 1996 இல் லூசியா மோனிஸ் பெற்றுக்கொடுத்த ஆறாம் இடமே அதுவரை அந்நாட்டின் பெருஞ்சாதனையாக இருந்தது.

ஐரோப்பாவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வீடுகளிலும் மே மாதத்துச் சனிக்கிழமை இரவொன்றில் இப்போட்டி ஒளிபரப்பாகிறது. மின்னொளியும் வாணவேடிக்கையும் நிறைந்த கேளிக்கையாகவே பெற்றோர் அதனைக் கருதுவர்; பிள்ளைகளோ யார் வெல்வார் என்று பந்தயம் கட்டுவர். ஆயினும் போர்த்துக்கலின் வெற்றி அவ்விரு சாராரும் ஒன்றாக அமர்ந்து எண்ணிப்பார்க்க வேண்டிய ஒரு வினாவை எழுப்பியது. பிறருக்குப் புரியாத மொழியிற் பாடினால் உலகம் கேட்குமா என்பதே அவ்வினா.

தமிழருக்குப் போர்த்துக்கேயம் முற்றிலும் அந்நியமான மொழியன்று. மேசை, சாவி, சன்னல், அலுமாரி என வீட்டுக்குள்ளேயே அம்மொழி குடியிருக்கிறது. ஈழத்தவரின் கதிரையும் அங்கிருந்து வந்ததே. பிரேசிலையும் சேர்த்தால் 20 கோடிக்கும் மேற்பட்டோர் பேசும் பெருமொழி அது. எனினும் யூரோவிசன் அரங்கில் அதனைப் புரிந்துகொள்வோர் போர்த்துக்கல்லின் ஏறத்தாழ ஒரு கோடி மக்களும், அங்கிருந்து பிற ஐரோப்பிய நாடுகளிற் குடியேறியவர்களுமே ஆவர்.

அந்நாட்டின் முதல் அனுபவம் கசப்பானது. 1964 இல் கொப்பன்ஹேகனில் பாடிய அந்தோனியோ கல்வாரியோ ஒரு புள்ளிகூடப் பெறவில்லை. போர்த்துக்கல் அப்போது சலசாரின் சர்வாதிகாரத்தின் கீழ் இருந்தது. சலசாரையும் ஸ்பெயினின் பிராங்கோவையும் புறக்கணிக்குமாறு கோரும் பதாகையுடன் ஒருவர் அன்று மேடையிலேயே ஏறிவிட்டார். பாடகர் மீது பிழையில்லை. ஒரு நாட்டின் பெயரைச் சுமந்து மேடையேறுபவர் அந்நாட்டின் அரசையும் சேர்த்தே சுமக்க நேரிடுகிறது.

பத்தாண்டுகளின் பின் நிகழ்ந்தது விந்தையானது. 1974 ஏப்ரலில் பிரைட்டன் நகரில் சுவீடனின் அப்பா குழு வென்ற அதே போட்டியில், போர்த்துக்கலின் பாவுலோ டி கர்வால்யோ மூன்றே புள்ளிகளுடன் கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்டார். மூன்று வாரங்கள் கூட ஆகவில்லை. ஏப்ரல் 24 ஆம் நாள் இரவு 10.55 மணிக்கு அதே பாடலை லிஸ்பன் வானொலியொன்று ஒலிபரப்பிற்று. ஆட்சியைக் கவிழ்க்கக் காத்திருந்த இளம் இராணுவ அதிகாரிகளுக்கு அதுவே முதற் சமிக்ஞை. காதற் பிரிவைப் பாடும் பாடலாதலால் எவருக்கும் ஐயம் எழவில்லை. மறுநாள் ஏறத்தாழ அரை நூற்றாண்டுச் சர்வாதிகாரம் வீழ்ந்தது. யூரோவிசனில் தோற்ற பாடல்களுள் வரலாற்றில் இத்துணைப் பெரிய இடம் பெற்றது பிறிதொன்றில்லை எனலாம். அடுத்த ஆண்டு போர்த்துக்கலின் சார்பிற் பாடிய துவார்த்தே மென்டெஸ், அப்புரட்சியிற் பங்குகொண்ட படைத் தலைவர்களுள் ஒருவர்.

அதன்பின் வந்த ஆண்டுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1997 இல் மீண்டும் ஒரு புள்ளியும் கிடைக்கவில்லை. 2004 இல் அரையிறுதிச் சுற்று அறிமுகமானபோது, அடுத்தடுத்து நான்கு ஆண்டுகள் போர்த்துக்கல் இறுதிச் சுற்றையே எட்டவில்லை.

இங்கே இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. ஒவ்வொரு நாடும் தன் மொழியிலேயே பாடவேண்டும் என்ற விதி 1999 இல் நீக்கப்பட்டது. உடனே பல நாடுகள் ஆங்கிலத்திற்குத் தாவின. போர்த்துக்கலும் சலனமடையாமல் இல்லை. 2005 இலும் 2006 இலும் ஆங்கிலம் கலந்த பாடல்களை அனுப்பிப் பார்த்தது. இரண்டும் அரையிறுதியிலேயே நின்றன. மற்றையது புலம்பெயர்ந்தோர் வாக்கு. தன் நாட்டிற்கு எவரும் வாக்களிக்க இயலாது. ஆனால் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் வாழும் போர்த்துக்கேயர் தாயகத்திற்குத் தொலைபேசி வழியே தாராளமாக வாக்களிக்கலாம். 1998 முதல் பெரும்பாலான நாடுகளில் அவ்வாய்ப்பு இருந்தது. இருந்தும் வெற்றி கிட்டவில்லை. உறவுக்காரர் கைதட்டினால் மட்டும் அரங்கம் எழுந்து நிற்பதில்லை.

2016 இல் போர்த்துக்கல் போட்டியிலிருந்து விலகியிருந்தது. அந்த ஓராண்டு இடைவெளியை அரச ஒளிபரப்பு நிறுவனமான ஆர்.டி.பி. நன்கு பயன்படுத்திக்கொண்டது. நாட்டிற்குள் நடைபெறும் தேர்வுப் போட்டியைத் திருத்தி அமைத்து, வழக்கமான போட்டிப் பாடல்களுக்கு அப்பால் இயங்கிவந்த இசையமைப்பாளர்களையும் அழைத்தது. அவ்வாறு அழைக்கப்பட்டவர்களுள் ஒருவர் லூயிசா சொப்ரல். அமெரிக்காவின் பேர்க்லி இசைக் கல்லூரியிற் பயின்ற ஜாஸ் பாடகி. 'அமார் பெலூஷ் டொய்ஷ்' என்னும் பாடலை அவர் எழுதி, தம்பி சல்வடோரைப் பாட வைத்தார். இருவருக்குமாக ஒருவரே அன்பு செய்வது என்பது அத்தலைப்பின் பொருள்.

தம்பிக்குக் கடுமையான இருதய நோய். நெடுநாள் வெளியூரில் தங்குவது உடலுக்கு ஆகாது என்பதால், கீவில் நடந்த முதல் ஒத்திகைகளில் அக்காவே அவர் இடத்தில் நின்று பாடினார். இறுதிச் சுற்றில் சல்வடோர் பெருமேடையைத் தவிர்த்து, பார்வையாளர் நடுவே அமைந்த சிறு மேடையில் தனியே நின்றார். நடனக்காரர் இல்லை, தீப்பொறி இல்லை. பழைய திரைப்படப் பாடல் போன்ற மென்மையான மெட்டு, நரம்பிசை, ஒரு மெல்லிய குரல். பாடல் மூன்று நிமிடத்தில் முடிந்தது.

அப்பாடல் 758 புள்ளிகள் பெற்றது. யூரோவிசனில் அதுவரை எந்த நாடும் அத்தனை புள்ளிகள் பெற்றதில்லை. இதில் நடுவர்கள் அளித்தவை 382. பொதுமக்கள் அளித்தவை 376. இரு தரப்பிலும் முதலிடம். இரண்டாம் இடம் பெற்ற பல்கேரியாவுக்கு 615 புள்ளிகளே கிடைத்தன. சொல் புரியாத இலட்சக்கணக்கானோரும் நடுவர்களும் ஒரே பாடலிற் சேர்ந்தார்கள். முற்றிலும் ஆங்கிலமல்லாத மொழியில் அமைந்த பாடலொன்று வென்றது, 2007 இல் சேர்பியா வென்றதன் பின்னர் அதுவே முதற்றடவை.

தாய்மொழியிற் பாடியதனாலேயே போர்த்துக்கல் வென்றது என்று சிலர் அன்று பெருமிதத்துடன் எழுதினர். அது அரைகுறை உண்மை. அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பெரும்பாலும் தாய்மொழியிற் பாடியே அந்நாடு தோற்றும் வந்திருக்கிறது. மொழி தடையாக இருக்கவில்லை என்பதே அன்றிரவு நிறுவப்பட்டது. மொழி மட்டும் போதும் என்பதல்ல. ஆங்கிலத்தில் எழுதினால்தான் எவரும் கேட்பர் என்று தமிழிற் பாடத் தயங்கும் இளையோருக்கு முன்னது பொருந்தும். தமிழில் இருக்கிறது என்பதற்காகவே பிள்ளைகள் ஒன்றை விரும்பவேண்டும் என்று எதிர்பார்க்கும் பெற்றோருக்குப் பின்னது பொருந்தும். லூயிசா சொப்ரல் ஆங்கிலத்திலும் பாடல் எழுதத் தெரிந்தவர். இப்பாடலுக்கு எது தேவையோ அதனைத் தெரிந்தெடுத்தார்.

வெற்றி மேடையில் சல்வடோர், பயன்படுத்தி எறியப்படும் இசை நிறைந்த காலம் இது என்றும், இசை என்பது வாணவேடிக்கையன்று, உணர்வு என்றும் கூறினார். அதே அரங்கில் வாணவேடிக்கையுடன் பாடிய மற்றைய கலைஞர்களுக்கு அது சற்றுக் கடுமையான சொல்லே. அதற்கு முன்னர் செய்தியாளர் சந்திப்பொன்றில் அகதிகளுக்காகக் குரல் கொடுக்கும் வாசகம் பொறித்த மேலாடையுடன் அவர் தோன்றியதும், அது அரசியல் எனக் கூறி மீண்டும் அணிய வேண்டாம் என்று போட்டியை நடத்தும் ஒன்றியம் தெரிவித்ததும் பலருக்கு நினைவிருக்கலாம். கடல்கடந்து வந்து உயிர்தப்பியவர்களின் நிலையை எண்ணுவது மனிதநேயமா அரசியலா என்ற வாதம் அகதிகளாய் வந்தோரின் பிள்ளைகளுக்குப் புதிதன்று.

அவ்வாண்டு டிசம்பரில் சல்வடோருக்கு மாற்று இருதயம் பொருத்தப்பட்டது. 2018 மே மாதம் லிஸ்பனில் போர்த்துக்கல் முதன்முறையாக நடத்திய இறுதிச் சுற்றில், அவர் அதே பாடலைப் பிரேசிலின் மூத்த கலைஞர் கயத்தானோ வெலோசோவுடன் சேர்ந்து பாடினார். அன்றைய போட்டியில் போர்த்துக்கலின் புதிய பாடலும் தாய்மொழியிலேயே இருந்தது. 26 நாடுகளுள் அது 26 ஆவதாக வந்தது.